நிரப்பாத அறைக்கு மஞ்சள்

சேகருக்கு,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும், கூடத்தில் கிடந்த இலைகளை எடுத்தேன். உன் இலையை மடிக்கக் குனிந்தபோது எனக்குக் குமட்டியது. வடையும் பாயசமும் நான் செய்தவைதான், அவற்றில் குறை ஒன்றுமில்லை. அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து நீ பேசிய பேச்சும், பேசும்போது உன் உதட்டில் ஒட்டியிருந்த சிரிப்பும்தான் என் தொண்டையில் நின்றன. கொல்லைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போதும் போகவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்து அருவருப்படைந்தேன் என்று எழுதுவது எளிதல்ல. மூன்று நாளாக எழுதுகிறேன். முதலில் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன், ஏனென்றால் அவற்றில் குற்றவாளி நீ ஒருவனாகவே இருந்தாய்.

நீ சொன்னது உனக்கே நினைவிருக்காது. சாப்பாட்டுக்கு நடுவில் போகிற போக்கில் சொன்னது. உன் மாமாதான் ஆரம்பித்தான். "சுரங்கத்துல பிளானிங்னா இன்னாடா பண்ணுவீங்க மாப்ள?" என்றான். நீ பருப்பைப் பிசைந்துகொண்டே, "ரெண்டு பிளான் இருக்கு மாமா. அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு, அது வர்றவங்களுக்குக் காட்றதுக்கு. மாசத்துக்கு ஒண்ணு, அதுதான் நிஜம்" என்றாய். அவன், "அப்ப எங்க தாலுகா ஆபீஸ் மாதிரியேதாண்டா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு உனக்குத் தெம்பு கொடுத்தது. "இந்த மாசம் பாருங்க, தீபத்துக்கு மணல் ரொப்புற ஆளுங்கல்லாம் ஊருக்கு வந்துட்டாங்க. ஏழாம் அறை கால்வாசிகூட ரொப்பல. மேலேர்ந்து டன் கம்மி, டன் கம்மின்னு உயிரை வாங்குறாங்க. முழுக்க ரொப்பினதா படத்துல மஞ்சள் போட்டு வெச்சிட்டேன். இப்ப பக்கத்துத் தூணை எடுத்துடலாம், மாசம் தப்பிச்சிடும். ரொப்புறதைத் தையில பாத்துக்கலாம்." மாமாவுக்குக்கூட ஒரு சந்தேகம் வந்தது. "தூணை எடுத்தா மேல இருக்கறது வுழாதா?" "ஒரு மாசம் தாங்கும் மாமா." "நீ எங்க இருப்ப?" "நான் மேல, ஆபீஸ்ல." "கெட்டிக்காரண்டா! கோடு போடுறவன் மேல, மண்டையக் குடுக்குறவன் கீழ!" மறுபடியும் சிரிப்பு. உன் அப்பா தலையைத் தூக்கவில்லை. "மோர் ஊத்து" என்றார் என்னிடம். ஊற்றினேன். நானும் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அம்மாவுக்குச் சுரங்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைக்கலாம். அந்தச் சுரங்கத்தின் குவார்ட்டர்ஸில் பதினோரு வருஷம் குடியிருந்தவள் நான். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, நம் எல்லோருக்கும் தெரியும். உன் அப்பா அதே பிளானிங் செக்‌ஷனில் இருந்தார். வேலூரில் கணக்குப் பாடம் எடுத்து பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கல்யாணமாகி அங்கே போய்ப் பகலெல்லாம் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் படங்கள்தான் வாசிக்கக் கிடைத்த புத்தகம். அவற்றைப் படிக்க நானாகவே கற்றுக்கொண்டேன். கிடைமட்டமாக வரிசையாக ஓடும் மட்டங்கள், அதாவது அடுக்கடுக்கான சுரங்கப் பாதைகள். ஒரு மட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில், செம்புக் கல் ஓடும் திசையில், ஒரு அறை, ஒரு தூண், மறுபடி ஒரு அறை, மறுபடி ஒரு தூண். அறை என்றால் நம் வீட்டு அறை மாதிரி அல்ல, ராஜகோபுரத்தின் பாதி உயரம். முதலில் அறைகளில் இருக்கும் கல்லை எடுப்பார்கள். எடுத்த பள்ளத்தைக் குழாய் வழியாக மணலும் தண்ணீரும் விட்டு நிரப்புவார்கள். தண்ணீர் வடிந்து மணல் இறுகிய பிறகுதான், அதுவரை பாறையைத் தாங்கி நின்ற தூணில் கை வைக்க வேண்டும். எந்த அறை முதலில், எந்த அறை பிறகு, எந்த வருஷம் எந்தத் தூண் என்று முன்கூட்டியே ஒழுங்குபடுத்துவதுதான் உன் ஐந்து வருஷத் திட்டம். அந்த ஒழுங்கு குலையாமல் இந்த மாதம் எங்கே துளை போடுவது, எங்கே வெடி வைப்பது என்று பிரித்துக் கொடுப்பது மாதத் திட்டம். வருஷத் திட்டம் வேடிக்கைக்கு, மாதத் திட்டம்தான் நிஜம் என்று சொல்கிறவன், நிற்கிற கிளையை அளந்து பார்க்காமல் வெட்டுகிறவன். அதிலும் உன் கிளையில் நிற்பது நீ இல்லை.

நிரப்புகிற வேலையில் டன் ஏறாது. அதுதான் அதன் சாபம். பகல் முழுக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சாயங்காலம் ஒரு வண்டிக் கல்கூடக் காட்ட முடியாது. அதனால் மாதத்தில் எந்த வேலையைத் தள்ளிப் போடலாம் என்று தேடும்போது எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் போகும். அந்த வேலையைச் செய்கிறவர்கள் உன் அப்பா காலத்திலும் நம் பக்கத்து ஆட்கள்தான், இன்றும் அவர்கள்தான். அடி அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், சுற்றுப்பட்டு ஊர்கள். கார்த்திகை பிறந்தால் அவர்களுக்குக் கால் தரையில் நிற்காது. தீபத்துக்குப் பத்து நாள் ஊருக்கு வருவார்கள். துளை போடுகிறவர்களும் கல் அள்ளுகிறவர்களும் வேறு ஊர்க்காரர்கள், அவர்கள் வேலை நிற்காது. ஆக, ஒவ்வொரு கார்த்திகையிலும் பள்ளங்கள் பெருகும், மணல் நிற்கும். ஊரிலிருந்து திரும்பி வந்தவர்களையும் குறைந்த டன்னை ஈடுகட்டக் கல் அள்ள அனுப்பிவிடுவார்கள். நிரப்புவது தைக்குப் போகும், தையிலிருந்து மாசிக்குப் போகும். தீபம் என்றைக்கு என்பது ஒரு வருஷம் முன்பே பஞ்சாங்கத்தில் வந்துவிடுகிறது. தெருவில் போகிற பெண்ணைக் கேட்டால் சொல்வாள். ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போடுகிற மேதைகளுக்கு மட்டும் அது வருஷா வருஷம் திடீரென்று வந்து நிற்கும்! இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வாய் கசக்கிறது.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். கார்த்திகை. படம் வரைகிறவரும் திருவண்ணாமலைக்காரர், தீபத்துக்குப் போய்விட்டார். சுரங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வருவதாகத் தகவல். உன் அப்பா படம் வரைந்த டிரேசிங் துணியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார். எந்தெந்த அறைக்கு மஞ்சள் என்று பென்சிலால் புள்ளி வைத்தார். நிரப்பிய அறைக்கு மஞ்சள், காலியாக இருப்பதற்கு வெள்ளை. ஒன்பதாம் அறைக்கும் புள்ளி வைத்தார்.

"அது ரொப்பியாச்சா?" என்று கேட்டேன். முந்தைய வாரம் அவரே, அது காலியாகக் கிடக்கிறது, குழாய்கூட இழுக்கவில்லை என்று சலித்துக்கொண்டிருந்தார்.

"ரொப்பிடுவாங்க."

"எப்ப?"

"தைக்குள்ள. நீ அடி. அவன் வர்ற நேரத்துல வெள்ளையா இருந்தா ஆயிரம் கேள்வி கேப்பான்."

"தெரிஞ்சே எப்படிங்க..."

"உன்னை வரையச் சொன்னேனா, வக்கீல் மாதிரி வாதாடச் சொன்னேனா?"

நான் அடித்தேன். பிரஷ்ஷை நனைத்து, மஞ்சளைத் தண்ணீரில் இளக்கி, கோட்டுக்கு வெளியே ஒரு துளி போகாமல், உள்ளே ஒரு திட்டு விழாமல் அடித்தேன். டிரேசிங் துணியில் வண்ணம் சமமாகப் பரவாது, ஓரத்தில் தேங்கி நிற்கும். நான் அதைப் பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சமன் செய்தேன். முடித்ததும் தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. சேகர், இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி எனக்கு மிகவும் அருவருப்பான நினைவு அந்தப் பொய்யைச் சொன்னது அல்ல, அந்தப் பொய்யைத் தள்ளி நின்று ரசித்தது. உன் அப்பா, "எங்க ஆளைவிட நல்லா அடிச்சிருக்க" என்றார். அன்று முழுக்க எனக்கு மனம் குளிர்ந்திருந்தது. படித்த படிப்புக்கு ஒருவர் பாராட்டினாரே என்று. பாராட்டுக்கு அவ்வளவு காய்ந்து கிடந்தேன். காய்ந்து கிடந்தது உண்மை, அதனால் மன்னிப்பு உண்டு என்று நான் சொல்லவில்லை.

தையில் உன் அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்து, கல் அரைக்கிற ஆலைக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவரிடம் படங்களைக் கொடுத்தார், சாவிகளைக் கொடுத்தார். ஒன்பதாம் அறையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமா, மறதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் நினைவுபடுத்தவில்லை. புதிதாக வந்தவர் ஒழுங்கானவர். படத்தைப் பார்த்தார். தூணுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள். எடுக்கலாம் என்று எழுதினார். படத்தை நம்பித்தானே எழுத வேண்டும்? அந்தத் தூணுக்குப் போன கூட்டத்தில் ஏழுமலை என்று ஒருவர் இருந்தார், அடி அண்ணாமலைக்காரர். உனக்கு அவரைத் தெரிந்திருக்கும், தீபம் முடிந்து வரும்போது குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் பொரி உருண்டை கொண்டுவருவார். மாசி மாதம் ஒரு காலை, பதினோரு மணி இருக்கும், அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. பிறகுதான் சங்கு ஊதியது. தூணில் மூன்றாவது வெடி வைத்ததும், காலியாகக் கிடந்த ஒன்பதாம் அறைக்குள் பாறை சரிந்து, உள்ளே இருந்த காற்று முழுக்கப் பாதை வழியாக அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. வெடிக்கு ஒதுங்கி நின்ற ஏழுமலையையும் இன்னும் இரண்டு பேரையும் அந்தக் காற்றே சுவரில் அறைந்து கொன்றது. பாறை அவர்கள்மேல் விழவே இல்லை. ஒரு கல்கூட.

விசாரணை நடந்தது. உன் அப்பா வாய் திறக்கவில்லை. வெடிக்கு முன்னால் போதுமான தூரம் ஒதுங்காமல் கவனக்குறைவாக நின்றதாக ஏழுமலைமேல் எழுதி முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் மனைவி பச்சையம்மா நம் வீட்டுக்கு வந்தாள். நான் காப்பி கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, காகிதத்துல ரொப்புனதுன்னு மஞ்சள் போட்டிருந்துச்சாம், பசங்க பேசிக்கிறாங்க. யாரும்மா போட்டது? உங்க வூட்டுக்காரர் அந்த ஆபீஸ்லதான இருந்தாரு, அவருக்குத் தெரியுமா?" நான், "தெரியலம்மா" என்றேன். ஒரே சொல். அவள் காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அந்த வருஷக் கடைசியில் உன் அப்பா வேலையை விட்டார். அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு, அதனால் ஊருக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே இருக்கத்தான் முடியவில்லை.

இங்கே திருவண்ணாமலையில் உரக்கடை வைத்தார். பக்தி வந்தது. பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுகிறார், நெற்றி நிறைய விபூதியோடு. ஊரில் அவரைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். நானும் நாலு முறை அவரோடு போனேன். அடி அண்ணாமலை வரும்போது அவர் பாதையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறுவார். அங்கே பச்சையம்மா சுண்டல் விற்கிறாள். ஊரைத் தாண்டியதும் மறுபடி இந்தப் பக்கம் வருவார். மலையைச் சுற்றுகிறாரா, அந்தக் கூடையைச் சுற்றுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நாலாவது முறைக்குப் பிறகு நான் அவரோடு போவதை விட்டுவிட்டேன். கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

உன்னிடம் எங்கே தவறினேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். நீ ஒன்பதாவது படித்தபோது, அறிவியல் ரெக்கார்டு நோட்டில் செய்யாத சோதனைகளுக்கெல்லாம் விடை எழுதிக்கொண்டுவந்தாய். ஊசல் இத்தனை விநாடியில் ஆடியது என்று மூன்று தடவை அளந்த மாதிரி மூன்று எண். ஊசலை நீ தொடவே இல்லை என்று எனக்குத் தெரியும், உங்கள் பள்ளியில் ஊசலே இல்லை. நான் என்ன செய்தேன்? திட்டவில்லை. தலைப்புகளைப் பட்டை நிப்பால் அழகாக எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் அதற்குத்தான் அதிக மார்க் போட்டார். சுத்தமான காகிதம் இருந்தால் போதும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று எவனும் குனிந்து பார்க்க மாட்டான் என்பதை நீ என் கையிலிருந்துதான் கற்றாய். பிறகு நீ மைனிங் டிப்ளமோ முடித்து, அதே சுரங்கத்தில் அதே செக்‌ஷனில் உனக்கு வேலை கிடைத்தபோது, தெருவே வந்து, "பையன் கீழ எறங்க வேணாமாமே, ஆபீஸ் வேலையாமே" என்று கொண்டாடியது. நான் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அன்றே உன்னை உட்காரவைத்து ஒன்பதாம் அறையைச் சொல்லியிருக்க வேண்டும். நீ வேறு மாதிரி இருப்பாய் என்று நம்பிக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

உன் பேச்சைக் கேட்ட மறுநாள், புதன்கிழமை, நான் தனியாக அடி அண்ணாமலைக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தீபக் கூட்டம் இன்னும் வடியவில்லை. பச்சையம்மா கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்கம்மா, சுண்டல் வேணுமா?" என்றாள். நான் நின்றபடியே சொன்னேன். அந்த மஞ்சளைப் போட்டது நான்தான், தெரிந்தே போட்டேன், நீ கேட்டபோது தெரியாது என்று சொன்னேன் என்று. அவள் கை நிற்கவில்லை. இரண்டு பொட்டலம் மடித்தாள். ஒருவருக்குச் சுண்டல் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒதுங்கி நிக்கத் தெரியாத ஆளு, அதனாலதான் செத்தான்னு எழுதினாங்க. என் மாமியா சாவுற வரைக்கும் அதையேதான் சொன்னா. கூட செத்த ரெண்டு பேரு வூட்லயும், உன் புருஷன்தான் எங்காளுங்களை அங்க நிறுத்தினான்னு எங்கூடப் பேச்சு வார்த்த இல்ல. பதினாலு வருஷம். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்."

அடுத்த பொட்டலத்துக்குக் காகிதம் எடுத்தாள்.

"இப்ப இன்னாத்துக்கு வந்து சொல்றீங்க?"

"என் பையன் அங்கதான் வேலை செய்றான். அவனும் அதே மாதிரி போட்டிருக்கான். அவனுக்கு எழுதப் போறேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நான் உன் இலையை எப்படிப் பார்த்தேனோ, அப்படி என்னைப் பார்த்தாள். "அவனுக்கு எழுதி? அவன் போட்டது அவனுக்குத் தெரியாதா? எங்கிட்ட வந்து அழுறீங்க, புள்ளைக்குக் கடுதாசி போடுறீங்க. எறங்கப் போறவன்கிட்ட போயி சொல்லுங்கம்மா. நகருங்க, ஆளு வருது." நான் நகர்ந்தேன். அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தால் அதுவும் என் வசதிக்காகத்தான் இருந்திருக்கும்.

இன்று வியாழக்கிழமை. காலையில் தாமோதரன் வந்தார். உன் செக்‌ஷன் போடுகிற திட்டப்படி கீழே வேலை செய்கிற கீழ்பென்னாத்தூர்க் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் செய்வது போல வாசலில் நின்று, "தம்பிக்கு ஏதாவது குடுத்தனுப்புறீங்களாம்மா? சாயங்காலம் பஸ்ஸு" என்றார். முறுக்கு டப்பாவை எடுக்க உள்ளே போனவள், பாதியில் திரும்பி வந்து, இந்தத் தடவை எங்கே வேலை என்று கேட்டேன்.

"தூணு எடுக்கம்மா. ஏழாம் அறைக்கும் எட்டாம் அறைக்கும் நடுவுல. சனிக்கிழமை காலைல மொதல் ஷிஃப்டு. டன்னு நல்லா ஏறும்."

"ஏழாம் அறை ரொப்பியாச்சா?"

"நாங்க தீபத்துக்குக் கெளம்பும்போது கால்வாசிகூட ஆகல. நாங்க இல்லாதப்ப வேற ஆளை வெச்சி முடிச்சிட்டாங்களாம். கீழ போர்டுல படம் மாத்தி ஒட்டிட்டாங்கன்னு எங்காளு ஒருத்தன் சொன்னான். மஞ்சளா இருக்குதாம்." பிறகு சிரித்துக்கொண்டே, "நாங்க இல்லாமயே வேலை நடக்குதுன்னா, அடுத்த தீபத்துக்கு எங்களை வீட்டுக்கே அனுப்பிடுவாங்க போல" என்றார்.

"முடிக்கலைங்க" என்றேன். "அது இன்னும் காலியாத்தான் இருக்கு. என் பையன் இந்த வீட்ல உக்காந்து அவன் வாயாலயே சொன்னான்."

அவர் சிரிப்பு நின்றது. "தம்பியா போட்டாரு?" என்றார். ஆமாம் என்றேன். "பதினோரு பேரும்மா நாங்க" என்றார். அதைத் தவிர உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு சொன்னார்: "நாங்க வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. ஊருக்குப் போயிட்டு வந்து ஓபி அடிக்கிறானுங்கம்பாங்க. நீங்க எழுதிக் குடுங்க. காகிதம்னாதான் அங்க மதிப்பாங்க."

அதனால் இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. தாமோதரன் இதைத் திறந்தபடியேதான் வாங்கிக்கொண்டு போகிறார். பஸ்ஸில் பதினோரு பேருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கிடைக்கும்போது, இதில் உள்ளது எல்லாம் உனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், நானும் உன் அப்பாவும் செய்தது உட்பட. போனில் டிரங்கால் போட்டு உன்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். நீ "சரிம்மா, பாத்துக்கறேன்" என்பாய். "தையில பாத்துக்கலாம்" என்று அந்தப் பதிலை நான் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை கேட்டாயிற்று. இதற்கு ஒரு நகல் எழுதி அவரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை அந்தப் படம் திருத்தப்படவில்லை என்றால் நகல் பாதுகாப்பு இன்ஸ்பெக்டரிடம் போகும்.

மத்தியானம் உன் அப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "பையன் வேலை போயிடும்" என்றார். போகலாம், எனக்குத் தெரியும். போனால் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். மூன்று பேரைக் கொன்றவர்களோடு பதினாலு வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டவன் நீ, வேலை இல்லாதவனாக எங்களோடு சாப்பிடுவதில் உனக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் திரும்பி வராமல் நீ மட்டும் அடுத்த தீபத்துக்கு வந்தாயானால், உனக்கு இலை போட என்னால் முடியாது.

சனிக்கிழமை காலை அவர்கள் உன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். விளக்கம் சொல்லாதே, மேலே உள்ளவர்களைக் கை காட்டாதே. தொப்பியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு எழுந்து, அவர்களுக்கு முன்னால் நீ இறங்கு. ஏழாம் அறையின் வாயில் நின்று விளக்கை உள்ளே பிடி. வெளிச்சம் மணலில் விழுகிறதா, விழ இடமில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறதா என்று பதினோரு பேரும் பார்க்கட்டும். பிறகு மேலே வந்து, அவர்கள் பார்க்கும்போதே, அந்த மஞ்சளைப் பிளேடால் சுரண்டி எடு. எனக்குப் பதில் எழுத உட்காராதே. முதலில் இறங்கு.

அம்மா